காரு குடிச்ச தண்ணி

அந்தக் காருங்களா? மாலை போட்டுக்கிட்டு மண்டபத்து வாசலை அடைச்சு நிக்குதே, அந்த வெள்ளை அம்பாசிடரைத்தான கேக்கறீங்க? நம்ம காருதானுங்க. உக்காருங்க, அந்தச் சேரை இழுத்துப் போட்டுக்குங்க. இப்பத்தான் மொதப் பந்தி எலை போட்டிருக்காங்க. நாம ரெண்டாம் பந்தியில சாவகாசமாச் சாப்புட்டுக்கலாம். மாப்பிள்ளை வூட்டுப் பக்கமுங்களா? காங்கேயமா? சந்தோசமுங்க. நான் பொண்ணோட அம்மா, துளசிமணி. பொண்ணப் பெத்தவ இப்படி மூலையில உக்காந்து ஊர்க்கதை பேசறாளேன்னு நெனைச்சுப்போடாதீங்க. வெடியக்காலத்துல இருந்து நின்ன காலு, சித்தெ உக்காந்தாத்தான் மறுபடியும் நிக்கும்.

மாப்பிள்ளைப் பையன் அவ்வளவு பெரிய ஏசி காரு கொண்டாந்திருக்கறப்ப, இந்தக் கெழட்டுக் காரை எதுக்கு முன்னால நிறுத்தியிருக்காங்கன்னுதான கேட்டீங்க? நான் நிறுத்தலீங்க. எங்கூட்டுக்காரரும் நிறுத்தல. நிறுத்துனது என்ற தம்பி. அதா அங்க, பட்டு வேட்டியோட எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்புட்டுக்கிட்டு நிக்கறானே, வலது கையில ஒரு தழும்பு தெரியுது பாருங்க, அவன்தான் தெய்வசிகாமணி. பொண்ணுக்குத் தாய்மாமன். அவன் இன்னைக்கு வந்து நிக்கறதுக்குக் காரணம் நானுங்க. நானும் அந்தக் காரும். வேற ஆரு பேரையும் சொல்லறதுக்கில்ல.

எங்கூட்டுக்காரரை உங்களுக்குத் தெரியாது. அதா, பந்தியில சாம்பார் வாளியத் தூக்கிக்கிட்டு ஓடறாரே, அவருதான். பொண்ணோட அப்பா சாம்பார் ஊத்தறாருங்க! அப்படிப்பட்ட மனுசன். வாயில வெரல வெச்சாக் கடிக்கத் தெரியாது. எல்லாத்தையும் நாந்தான் பாத்துக்கோணும்.

என்ன சொல்ல வந்தேன்... ஆங், காரு. அது எங்கப்பாரு ஓட்டுன காருங்க. எனக்குக் கலியாணம் ஆனப்ப, "என்ற மக பஸ்ஸுல போகக்கூடாது"ன்னு சொல்லிச் சாவியத் தட்டுல வெச்சுக் குடுத்தாரு. எங்கப்பாரு போயும் பல வருசமாச்சு. அந்த சீட்டுல உக்காந்தா இன்னும் அவரு சுருட்டு வாசம் எனக்கு வரும். மத்தவங்களுக்கு ஆயில் வாசம் வருதுங்கறாங்க. அது அவிய மூக்கு.

அஞ்சு வருசத்துக்கு முன்னால என்ற தம்பி மேட்டுக்கடையில புது வூடு கட்டிக் குடி போனான். நான் போகாம இருப்பனா? கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான். சீர் வரிசையெல்லாம் கார்ல அடுக்கிக்கிட்டுப் போயி, வாசல்ல நிறுத்தி எறங்குனோம். பந்தியில உக்காந்து, எலை போட்டு, உப்பு வெச்சு, இனிப்பு வெச்சாச்சு. அப்பத்தான் இவன் வந்து எங்கூட்டுக்காரரு காதுகிட்ட சொல்றான், "மச்சான், காரைக் கொஞ்சம் தெரு முக்குல நிறுத்திருங்க. ஆயில் சொட்டி டைல்ஸு கறையாகுது. வீடியோவுலயும் விழுகுது"ங்கறான்.

காதுகிட்டத்தான் சொன்னான். எனக்குக் கேட்டுப்போச்சு.

இந்த மனுசன் என்ன பண்ணோணும்? முடியாதுன்னு சொல்லோணுமா இல்லியா? "அதுக்கென்ன சிகாமணி"ன்னு எந்திரிச்சுச் சாவியத் தேடறாருங்க. நான் எந்திரிச்சேன். எலை முன்னால இருந்து எந்திரிச்சேன். "எங்கப்பாரு குடுத்த காரு உன்ற வாசலுக்கு ஆகாதுன்னா, எங்கப்பாரு மகளும் ஆகாது. இனி இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன். இந்த வூட்டுல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன்" அப்படின்னு சொந்தபந்தம் அத்தனை ஒறம்பரைக்கு முன்னால சொல்லிப்போட்டு வந்துட்டேன். வீடியோக்காரன் அதையும் எடுத்துட்டானாம். எடுக்கட்டும்.

அதுல இருந்து பேச்சுவார்த்தை இல்ல. அவன் வரல, நான் போகல. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க. தீவாளி பொங்கலுக்குக் கொஞ்சம் சோறு எறங்காது, அவ்வளவுதான்.

அப்பறம் எம் மக கௌசிகாவுக்கு உங்க பக்கத்துச் சம்பந்தம் கூடி வந்துச்சு. நிச்சயமும் ஆச்சு. அன்னைக்கே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, தாய்மாமன் எங்கே, தாய்மாமன் எங்கேன்னு. ஒடம்புக்கு முடியலைன்னு சொல்லிச் சமாளிச்சோம். கலியாணத்துல என்ன சொல்றது? மாமன் சீர் கொண்டாந்து, மாமன் நெத்தியில பட்டம் கட்டி, மாமன் கையப் புடிச்சுத்தான பொண்ணு மணவறைக்கு வரோணும்? ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் இருக்கறான், அவனை நிறுத்தலாம்னு சொன்னேன். கௌசிகா என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க. "சிகாமணி மாமா தோள்ல உக்காந்து தேரு பாத்தவ நான். வேற ஆளு கையப் புடிச்சுக்கிட்டு வரமாட்டேன். நானே நடந்து வந்துக்கறேன்"னு சொல்லிப்போட்டு ரூமுக்குள்ள போயிட்டா. ஊரு சிரிக்காதுங்களா? கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப எம் மக அநாதையாட்டம் தனியா நடந்து வந்தா, என்ற மொகத்தை நான் எங்க கொண்டுபோயி வெச்சுக்குவேன்? ஆனா நானாப் போயிக் கூப்புடறதா? அது மட்டும் நடக்காதுன்னுட்டேன்.

எங்கூட்டுக்காரரு தலையத் தலைய ஆட்டுனாரு. எழுந்து போயி கார் பானெட்டைத் தொறந்து எட்டிப் பாத்துக்கிட்டு நின்னாரு. வூட்டுல எது நடந்தாலும் அவரு பானெட்டைத் தொறந்துக்குவாரு.

அப்பப் பாத்து வாட்டர் பம்பு ஒழுக ஆரம்பிச்சுதுங்க. எனக்கு இந்தச் சமாச்சாரமெல்லாம் தெரியாது. மெக்கானிக் அபூபக்கர் பாய் சொல்லித்தான் தெரியும். என்ஜினைச் சுத்தித் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கோணுமாம். அதை ஓட்டறது இந்தப் பம்பு. அதுல சீலு தேஞ்சுபோச்சு, சொட்டுச் சொட்டா ஒழுகுது. தண்ணி வத்துனா என்ஜின் கொதிச்சுப் பானெட்டுக்குள்ள இருந்து இட்லிக் குண்டா மாதிரி ஆவி வரும். பம்பையே மாத்திப்போடுங்கன்னு பாய் சொல்லிட்டாரு. இவரும் கோயமுத்தூரு போயிப் புதுப் பம்பு வாங்கிட்டு வந்துட்டாரு. வாங்கியாந்து என்ன பண்ணுனாரு? டிக்கியில வெச்சுக்கிட்டாரு!

மாட்டுங்கன்னா, "ஆடி மாசத்துல புதுச் சாமான் மாட்டக்கூடாது"ங்கறாரு. ஆவணி வந்துச்சு. "பாய் மக வூட்டுக்குப் போயிருக்காரு"ங்கறாரு. அந்த பாயை அன்னைக்குத்தான் நான் சந்தையில பாத்தேன். கேட்டா பாய் என்னைப் பாத்துட்டு, "ஆமாங்கக்கா, நான் ஊர்ல இல்லீங்க"ங்கறாரு! வெயில்லயே வேலை செய்யறவங்க, பாவம், என்ன பேசறோம்னு தெரியறதில்ல.

கலியாணச் சாமான் எதுவா இருந்தாலும் மூலனூருல இருந்து தாராபுரத்துக்குத்தான் நாங்க போகோணும். வழியில மேட்டுக்கடை. ரோட்டு மேலயே என்ற தம்பி வூடு. அந்த எடத்தைத் தாண்டறப்ப நான் அக்கட்டால திரும்பி வயக்காட்டைப் பாத்துக்குவேன். அஞ்சு வருசமாப் பாத்து அந்த வயல்ல எத்தனை பனைமரம்னு கூடச் சொல்லிப்போடுவேன்.

மொத நாளு பொடவை எடுக்கப் போனோம். கெளம்பறப்ப இவரு ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தறாரு, சொம்புல அளந்து அளந்து, கொழந்தைக்கு மருந்து ஊத்தற மாதிரி. ரொம்ப ஊத்துங்கன்னேன். "நெம்ப ஊத்துனாப் பம்புக்கு ஆகாது துளசி"ன்னாரு. எப்பவும் டிக்கியில ஒரு கேன் தண்ணி வெச்சிருப்பாரு. அன்னைக்கு மறந்துட்டாரு. மேட்டுக்கடை வந்துச்சு. நான் வயக்காட்டுப் பக்கம் திரும்பறேன், முன்னால புசுபுசுன்னு ஆவி. காரு நின்னுபோச்சு. எங்க நிக்குதுங்கறீங்க? தம்பி வூட்டு வாசல்ல! டைல்ஸுக்கு நேரா!

எனக்கு எப்படி இருந்திருக்கும்? "எதுத்த வூட்டுல போயித் தண்ணி கேளுங்க"ன்னேன். எதுத்த வூட்டுக்காரி ருக்மணின்னு ஒருத்தி. "கரண்டு இல்லீங்க, மோட்டார் ஓடல, ஒரு சொட்டு இல்லீங்க"ன்னு வாசல்ல நின்னு கையை விரிக்கறா. உள்ள டிவி ஓடற சத்தம் எனக்கு ரோடு வரைக்கும் கேக்குது! தண்ணிக்கு இப்படி ஒரு கருமித்தனமான்னு நெனைச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் தம்பி பொண்டாட்டி பிரேமா ஒரு கொடம் தண்ணியக் கொண்டாந்து கேட்டுக்கு வெளிய வெச்சுட்டு உள்ள போயிட்டா. இவரு எடுத்து ஊத்துனாரு. நான் கண்ணாடியை ஏத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். அவங்க வூட்டுத் தண்ணி காரு குடிச்சுது. நான் குடிக்கல. காரு ஒண்ணும் சத்தியம் பண்ணலியே.

ரெண்டாவது வாட்டி பாத்திரம் எடுக்கப் போனோம். அதே எடம். அதே வாசல். ருக்மணி வூட்டுல மறுபடியும் கரண்டு இல்ல! இந்தத் தடவை சிகாமணியே வெளிய வந்துட்டான். தலையெல்லாம் நரைச்சுப்போச்சு அவனுக்கு. நான் பாக்கல, கண்ணாடியில தெரிஞ்சுது. பானெட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "மச்சான், உள்ள இருக்கறவங்களுக்கு வெயில் அடிக்கும், நெழல்ல வந்து உக்காரச் சொல்லுங்க"ங்கறான். நான் எங்கூட்டுக்காரரைப் பாத்து, "கேக்கறவங்ககிட்டச் சொல்லுங்க, டைல்ஸு கறையாயிரும்"னேன். "கறையானாத் தொடைச்சுக்கலாம்னு சொல்லுங்க மச்சான்"ங்கறான். "அஞ்சு வருசம் கழிச்சுத் தொடைச்சாப் போகாதுன்னு சொல்லுங்க"ன்னேன். இந்த மனுசன் நடுவுல நின்னுக்கிட்டு ரெண்டு பக்கமும் தலையாட்டறாரு. ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லத் தெரியல. சிரிப்பு வேற வருது அவருக்கு. இருமல்னு சொல்லித் துண்டை வெச்சு மூடிக்கிட்டாரு.

இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. நடுவுல பழனிக்குப் போனோம். அத்தனை தூரம், அத்தனை வெயிலு. ஒரு எடத்துல நிக்கோணுமே? அடிவாரம் வரைக்கும் போயி வூடு வந்து சேர்ந்துச்சு, கொதிக்கவே இல்ல. "முருகன் கிருபை"ன்னாரு. ஆமா, முருகன் கிருபைதான், அன்னைக்கு டிக்கியில ரெண்டு கேன் தண்ணி இருந்துச்சு. அதுக்கு மக்யா நாளு, மறுநாளே, மேட்டுக்கடைப் பக்கம் போனா, மறுபடியும் அந்த வாசல்ல ஆவி! அந்த எடத்துல ஏதோ கண்ணு பட்டிருக்குதுங்க, எலுமிச்சங்காய் கட்டோணும்னு சொன்னேன். கட்டுனாரு. காரு கேக்கல.

நாலாவது வாட்டிதான் அது நடந்துச்சு. பத்திரிகை வெக்கக் கெளம்புன நாளு. குலதெய்வத்துக்கு வெச்சாச்சு. அடுத்தது தாய்மாமனுக்குத்தான் வெக்கோணும். அவனுக்கு வெக்காம மத்தவங்களுக்கு எப்படி வெக்கறது? அதனால எங்க போறதுன்னே தெரியாம நான் கார்ல ஏறி உக்காந்திருக்கேன். ஏறறதுக்கு முன்னாலயே டிக்கியில பாத்தேன், அந்தப் பம்பு டப்பாவுக்குப் பக்கத்துல வெத்தலை, பாக்கு, தேங்காய், பழம், ஒரு வெள்ளித் தட்டு. எதுக்குங்கன்னேன். "வழியில ஏதாச்சும் கோயிலு வந்தா இருக்கட்டும்னு"ங்கறாரு. பாருங்க, அவ்வளவு பக்தி.

மேட்டுக்கடை, தம்பி வூட்டு வாசல், ஆவி. சொல்லோணுமா? சிகாமணி கொடத்தோட தயாரா வந்துட்டான். "நவுருங்க மச்சான், நான் ஊத்தறேன்"னான். எங்கூட்டுக்காரரு, "இரு சிகாமணி, ஆறட்டும், மூடியத் தொடாதே"ன்னு சொல்லி வாய் மூடல. அவன் துணி கூட வெக்காம மூடியத் திருகிப்போட்டான். சின்ன வயசுலயே அப்படித்தான், அவசரக் குடுக்கை. கொதிக்கற தண்ணி அப்படியே பீச்சி அடிச்சு, கை முழுக்க...

"அக்கா!"ன்னு கத்துனானுங்க.

அம்மான்னு கத்தல. பக்கத்துல பொண்டாட்டி நிக்கறா, அவ பேரைச் சொல்லிக் கத்தல. அக்கான்னான்.

நான் கதவைத் தொறந்தது எனக்குத் தெரியாது. கேட்டைத் தாண்டுனது தெரியாது. அவன் மணிக்கட்டைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வாசல் தாண்டி, ஹாலைத் தாண்டி, சமையக்கட்டுக் கொழாயில கையைக் காட்டித் தொறந்து விட்டுட்டேன். "அறிவிருக்குதாடா உனக்கு, சூடு அடுப்புல கையை வெச்சு எங்கிட்ட அடி வாங்குனது மறந்துபோச்சா, இப்பவும் அப்படியே இருக்கறியேடா"ன்னு திட்டறேன், திட்டறேன், வாய் மூடல. அவன் குலுங்கிக் குலுங்கி அழுகறான். கை எரிச்சல்ல அழுகறான்னுதான் நெனைச்சேன். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதுக்கா"ங்கறான். எனக்கு நெஞ்சு வெடிச்சுப்போச்சுங்க. அஞ்சு வருசம். என்ற தம்பி அது. தூக்கி வளத்தவ நான்.

வாசல்ல எங்கூட்டுக்காரரு மூஞ்சி வெளுத்துப்போயி நிக்கறாரு. "இது பேச்சுலயே இல்லியே பிரேமா, இது பேச்சுலயே இல்லியே"ன்னு பொலம்பிக்கிட்டு இருக்காரு. எந்தப் பேச்சுல இல்ல? வெயில் தலைக்கேறிப்போச்சு அவருக்கு. பிரேமா என்னடான்னா, "கொஞ்சம் சும்மா இருங்கண்ணா"ன்னு அவரை அடக்கறா.

கைக்கு மருந்து போட்டு, அவனை உக்கார வெச்சு, நானும் தரையில அப்படியே சாஞ்சேன். "இந்தாங்க நங்கையா"ன்னு பிரேமா நாத்தனா மொறையில கூப்புட்டு ஒரு சொம்பை நீட்டுனா. மடமடன்னு குடிச்சுட்டேன். சொம்பைக் கீழ வெச்சப்பறந்தான் சத்தியம் ஞாபகத்துக்கு வந்துச்சு. எல்லாரும் என் மொகத்தையே பாக்கறாங்க. நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன். அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன்னு சொன்னேன். குடிச்சது மோரு. வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னேன். ஓடுன ஓட்டத்துல மிதிச்சேனா தாண்டுனேனான்னு ஆருக்குத் தெரியும்? என்ற சத்தியம் அப்படியே இருக்குதுங்க.

"டிக்கியில தட்டு இருக்குதே, எடுத்தாங்க"ன்னு நாந்தான் சொன்னேன். எங்கூட்டுக்காரருக்கு அது தோணவே இல்ல! ஓடிப்போயி எடுத்தாந்தாரு. வெத்தலை பாக்கு வெச்சு, பத்திரிகை வெச்சு, தம்பிக்கும் பிரேமாவுக்கும் குடுத்தேன். அப்பறமும் அந்தக் காரு ஆற சாயங்காலம் ஆயிப்போச்சு. அங்கயே சோறும் ஆச்சு. எலை போட்டுத்தான் சாப்புட்டோம்.

இன்னைக்குக் காலையில பாத்தீங்கல்ல? அந்தத் தழும்புக் கையாலதான் அவன் எம் மகளுக்குப் பட்டம் கட்டுனான், கையப் புடிச்சுக் கூட்டியாந்தான். அந்தக் காருலதான் அவளை அழைச்சுக்கிட்டு வந்தான். மண்டபத்துக்காரன், கிரானைட்டு கறையாகும், காரை ஓரமா நிறுத்துங்கன்னு சொன்னானாம். "கறையானா என்ற செலவுல தொடைக்கறேன், இது எங்கப்பாரு காரு, இங்கதான் நிக்கும்"னு சண்டை போட்டு நிறுத்தியிருக்கான். எனக்கு ஏன் கண்ணு கலங்குதுன்னு கேக்காதீங்க. அடுப்புப் புகை.

பம்பா? மாட்டியாச்சுங்க. அந்த மோரு குடிச்ச மக்யா நாளே பாய் ஊர்ல இருந்து வந்துட்டாரு, பொழுதோட மாட்டிப்போட்டாரு! இப்ப ஒரு சொட்டு ஒழுகறதில்ல. அதுதான் எனக்கு இப்பப் புது வெசனம்.

உங்ககிட்ட மட்டும் சொல்றேன், உங்க மொகத்தைப் பாத்தா நல்லவங்களாத் தெரியுது. பொழுது எறங்கறதுக்குள்ள எம் மக காங்கேயம் போயிருவா. பொண்ணைக் குடுத்த வூட்டுக்கு நெனைச்ச நேரத்துக்குப் போயி நிக்க முடியுமுங்களா? வாரத்துக்கு ஒருக்கா போனா, என்னடா இவ எப்பப் பாத்தாலும் வந்து நிக்கறான்னு சம்பந்தியம்மா நெனைக்க மாட்டாங்களா? ஒரு காரணம் வேணுமில்லீங்க. மொகூர்த்தத்துக்கு மேளம் கொட்டறப்ப எல்லாரும் அட்சதை போடறாங்க, எனக்கு அப்பத்தான் சட்டுனு ஒரு யோசனை. அந்தப் பழைய பம்பு டப்பாவுல டிக்கியிலயே கெடக்குது. அதையே திரும்பவும் மாட்டிப்போட்டா? ஏதோ வேலையாக் காங்கேயம் பக்கம் போனோம், சரியா உங்க வாசலுக்கு வந்து காரு கொதிச்சுப்போச்சு, ஒரு கொடம் தண்ணி குடுங்க சம்பந்தின்னா, ஆராச்சும் தப்பாச் சொல்லுவாங்களா? காரு ஆறற வரைக்கும் எம் மகளைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாமில்ல?

எங்கூட்டுக்காரருகிட்ட இதைச் சொன்னேன். வாளியக் கீழ வெச்சுட்டு என்னையே பாக்கறாரு. "துளசி, இப்படியெல்லாம் யோசனை உனக்கு மட்டும் எப்படித் தோணுது?"ங்கறாரு. அப்பறம் மறுபடியும் அந்த இருமலு. பாவம், அவருக்கு இதெல்லாம் ஏழு சென்மத்துக்கும் தோணாதுங்க.

ஆமா, பேச்சு வாக்குல கேக்கவே மறந்துட்டேன். நீங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணும்? ஒறம்பரை இல்லீங்களா? அக்கம்பக்கமா? எந்த வூடு?

எதுத்த வூடா! அவங்களுக்கு நேர் எதுத்த வூடா! அய்யோ, கும்புடற சாமி கண்ணைத் தொறந்துட்டாருங்க. அப்ப எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை பண்ணோணும். பெருசா ஒண்ணுமில்ல. காரு வந்து நின்னு, எங்கூட்டுக்காரரு உங்க வூட்டுல தண்ணி கேட்டா, கரண்டு இல்ல, மோட்டார் ஓடல, ஒரு சொட்டு இல்லைன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. அப்படியே டிவியையும் சித்தெ நிறுத்தி வெச்சுக்குங்க, சத்தம் ரோட்டுக்குக் கேக்கும்.

ஏனுங்க? எதுக்குங்க இப்படிச் சிரிக்கறீங்க?